கிராம்ப்டன் இயந்திரங்களைக் காயலான் கடைக்கு அனுப்புமுன்: மின்னியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், ஐ.டி.ஐ.கள் ஆகியவற்றின் மின்னியல் துறைத் தலைவர்களுக்கும், ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும், கண்டம் செய்யும் (பயன்படாத பொருள்களைக் கணக்கிலிருந்து நீக்கும்) குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாடத்திட்டம் மாறிவிட்டது. டிசி (நேர்மின்னோட்ட) இயந்திரப் பயிற்சிகள் பாதியாகக் குறைந்து, அந்த இடத்தில் கணினிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இடம் வேண்டும் என்பதற்காக மெஷின்ஸ் லேபின் மூலையில் கிடக்கும் பழைய மோட்டார்களை ஏலம் விடுகிறீர்கள். அதில் தவறு சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் ஏலப் பட்டியலில் அவை எப்படி எழுதப்படுகின்றன என்று பாருங்கள்: "டிசி மோட்டார், பழுது, 4 எண்ணம்". செய்தவர் யார், வரிசை எண் என்ன, எந்த ஆண்டு வாங்கியது என்று எதுவும் கிடையாது. ஏலம் எடுப்பவர் செம்பின் எடையைக் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறார். ஆர்மேச்சர் (சுழலும் கம்பிச்சுற்றுப் பகுதி) வெட்டப்பட்டு, காப்பு நீங்கத் தீயில் போடப்படும். பெயர்ப்பலகை பித்தளையாக இருந்தால் தனியாக விற்கப்படும். அதன் பிறகு அந்த இயந்திரத்தைப் பற்றி யாரும் எதையும் சொல்ல முடியாது.

அந்தப் பலகைகளில் அடிக்கடி காணக்கூடிய ஒரு பெயரை முன்வைத்தே இதை எழுதுகிறோம்: கிராம்ப்டன். விசிறியிலும் பம்பிலும் தினமும் பார்க்கிற பெயர் என்பதால் அதன் வயதை நாம் மறந்துவிடுகிறோம்.

ருக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன் 1845இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். இளமையில் ராணுவ அதிகாரியாக இந்தியாவில் பணியாற்றி, சாலையில் ஓடும் நீராவி இழுவை வண்டிகளை இங்கே ஓட்டிப் பார்த்தவர். ராணுவத்தை விட்டு ஊர் திரும்பியதும் எசெக்ஸ் மாவட்டத்துச் செம்ஸ்ஃபோர்டில் ஒரு பொறியியல் தொழிலில் பங்கு சேர்ந்தார். குடும்பத்தாரின் ஸ்டான்டன் இரும்பாலையில் இரவு வேலைக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. அதற்குப் பிரான்ஸின் கிராம் (Gramme) நிறுவன டைனமோக்களை (டிசி மின்னாக்கிகள்) வரவழைத்து, இரு கரிமுனைகளுக்கு இடையே எரியும் வில்விளக்கு அமைத்தார். விளக்குகள் நின்று எரியவில்லை, டைனமோவும் திருப்தி தரவில்லை. வாங்கி விற்பதைவிடத் தானே செய்வது மேல் என்று 1878இல் கிராம்ப்டன் அண்ட் கோ தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் எமில் பூர்கினுடைய டைனமோ வடிவத்தை எடுத்துத் திருத்தினார். செம்ஸ்ஃபோர்டு தொழிற்சாலைக்கு 'ஆர்க் ஒர்க்ஸ்' என்று பெயர். 1895இல் அது தீப்பற்றியதும் ரிட்டில் சாலையில் புதிய ஆலை எழுந்தது. பெயர் மாறவில்லை.

இந்த நிறுவனம் விட்டுச்சென்ற முக்கியமான சொத்து, இன்றும் நீங்கள் இரண்டாம் ஆண்டில் நடத்துகிற ஒரு பாடம். காந்தச் சுருளை ஆர்மேச்சருக்கு இணையாக இணைத்த ஷன்ட் டைனமோவில் சுமை ஏறினால் வோல்ட் இறங்கும். சில விளக்குகளை அணைத்தால் மீதி விளக்குகளில் வோல்ட் ஏறி, கரி இழைகள் சீக்கிரம் கருகும். டைனமோ பக்கத்தில் ஓர் ஆள் நின்று ரியோஸ்டாட்டை (மாற்றக்கூடிய மின்தடையை)த் திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவில் பிறந்த கிஸ்பெர்ட் காப் செம்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்த 1882இல், அவரும் கிராம்ப்டனும் சேர்ந்து காம்பவுண்ட் சுற்றுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். துருவத்தில் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான ஷன்ட் சுற்றுகள், அதே துருவத்தில் தடித்த கம்பியில் சில சீரீஸ் (தொடர்) சுற்றுகள். சுமை மின்னோட்டமே அந்தச் சில சுற்றுகள் வழியாகப் போவதால், சுமை ஏற ஏறக் காந்தப்புலமும் ஏறி, வோல்ட் இழப்பைத் தானே ஈடு செய்யும். ரியோஸ்டாட்டைத் திருகும் ஆளுக்கு வேலை குறைந்தது.

இதைப் பலகையில் வரைந்து காட்டலாம். ஆனால் பழைய காம்பவுண்ட் இயந்திரத்தின் ஒரு பீல்டு காயிலை (காந்தப்புலம் தரும் சுருளை) வெளியே எடுத்து மேசைமேல் வைத்தால், பருத்தி நூல் சுற்றிய மெல்லிய கம்பியும் அதன்மேல் பட்டையான செம்பும் ஒரே கூட்டில் இருப்பதை மாணவர் கையால் தொட்டுப் பார்ப்பார். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல கருவி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

கென்சிங்டன் கோர்ட் மின்நிலையமும் இந்த நிறுவனத்தின் வேலைதான். 1886-87இல் லண்டனில் அமைந்தது. வில்லன்ஸ் நீராவி எஞ்சினோடு நேரே இணைத்த டைனமோ, துணைக்கு பேட்டரி, நடைபாதைக்கு அடியில் கட்டிய வாய்க்காலில் பீங்கான், கண்ணாடித் தாங்கிகள்மேல் இழுத்துக் கட்டிய காப்பில்லாத செம்புப் பட்டைகள். இரவில் சுமை குறைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியில் ஓட்டலாம் என்பது கிராம்ப்டனின் வாதம். 1888இல் லண்டன் மின்பொறியாளர் சங்கத்தில் டிரான்ஸ்பார்மரோடு ஏசியா (மாறுமின்னோட்டம்), பேட்டரியோடு டிசியா என்று நடந்த பெரிய விவாதத்தில் அவர் டிசி பக்கம் நின்றார். முன்பு அவரோடு வேலை செய்த காப் எதிர்ப்பக்கம்.

கணக்கைப் போட்டால் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது தெரியும். 100 வோல்ட்டில் 10 கிலோவாட், அதாவது 100 ஆம்பியர், 500 மீட்டர் தொலைவுக்கு 5 சதவீத இழப்பில் போக வேண்டும் என்று வையுங்கள். போகவர 1,000 மீட்டர் கம்பி. இழப்பு 5 வோல்ட் என்றால் மின்தடை 0.05 ஓம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் கனமும் உள்ள செம்பின் தடையை 0.0175 ஓம் என்று வைத்தால் 350 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும். அதன் எடை சுமார் 3,100 கிலோ. தொலைவு இரட்டித்தால் செம்பு நான்கு மடங்கு. மூன்று கம்பி முறையில் வெளிக் கம்பிகளுக்கிடையே 200 வோல்ட் வைத்து, நியூட்ரலைப் பாதி கனத்தில் போட்டால் செம்பு ஏறக்குறைய 31 சதவீதத்துக்கு இறங்கும். 2,000 வோல்ட் ஏசியில் இதே இழப்புக்கு 8 கிலோ செம்புகூட வேண்டாம், அறுந்துவிடாமல் இருக்கத்தான் கனமாகப் போட வேண்டியிருக்கும். நெருக்கமான ஒரு பேட்டைக்கு கிராம்ப்டன் சொன்னது பொருந்தியது. நகரம் விரிந்ததும் பொருந்தவில்லை. அவர் நிறுவனமும் பின்னாளில் ஏசி இயந்திரங்களைச் செய்தது.

இனி, உங்கள் ஆய்வகத்து இயந்திரத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பலகையில் 'கிராம்ப்டன் அண்ட் கோ, செம்ஸ்ஃபோர்டு' என்று மட்டும் இருந்தால் அது 1927க்கு முந்தையது. எந்தக் கல்லூரியிடம் இருந்தாலும் அதை விற்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 1927இல் யார்க்‌ஷயர் கைஸ்லியைச் சேர்ந்த பார்க்கின்சன் சகோதரர்களின் மோட்டார் நிறுவனத்தோடு இது இணைந்தது. 'கிராம்ப்டன் பார்க்கின்சன்' என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வரும். 1937இல் பம்பாய் வொர்லியில் கிராம்ப்டன் பார்க்கின்சன் ஒர்க்ஸ் தொடங்கியது. எனவே பலகையில் பம்பாய் இருந்தால் அது அதற்குப் பிந்தையது, இந்தியாவில் செய்தது. 'கிராம்ப்டன் கிரீவ்ஸ்' என்றால் 1966க்குப் பின். வொர்லியில் ஆலை எழுந்த அதே 1937இல்தான் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டு மோட்டாரைச் செய்து காட்டினார்கள். பைக்காரா மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஒரே ஆய்வகத்தில் வொர்லி மோட்டாரும் கோவை மோட்டாரும் இருந்தால் இரண்டையும் ஜோடியாக வையுங்கள்.

பெயர் தேய்ந்து போயிருந்தாலும் வேறு அடையாளங்கள் உண்டு. பிரிட்டிஷ் தர அமைப்பு 1918 முதல் 1931 வரை பி.இ.எஸ்.ஏ. என்ற பெயரில் இருந்தது. அந்த எழுத்துகள் பலகையில் இருந்தால், இயந்திரம் அந்த ஆண்டுகளையோ அதை ஒட்டிய காலத்தையோ சேர்ந்தது. அதிர்வெண் 'சைக்கிள்ஸ்' என்றிருந்தால் பழையது, 'ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் பிந்தையது. டிசி இயந்திரத்தில் முதன்மைத் துருவங்களுக்கு இடையே இன்டர்போல்கள் (பிரஷில் தீப்பொறியைக் குறைக்கும் சிறிய துருவங்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலாகின. இன்டர்போல் இல்லாமல், பிரஷ் ராக்கரை (கரிப் பிரஷ்களைத் தாங்கும் சட்டத்தை) முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கைப்பிடியும் இருந்தால், சுமைக்கேற்பக் கையால் பிரஷை நகர்த்தித் தீப்பொறி அடங்கச் செய்த காலத்து வடிவம் அது. ஒன்றை மறக்காதீர்கள்: ரீவைண்டிங் செய்தவர் புதுப் பலகை அடித்திருக்கலாம், வேறு மோட்டாரின் எண்ட் கவரை மாட்டியிருக்கலாம். அதனால் பலகை எண்ணோடு ஷாஃப்ட் முனையிலும் உடலிலும் குத்தியிருக்கும் எண்களையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளில் எழுதியிருப்பது போதும், இரும்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1893இல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மின் டோஸ்டரைக் கண்டுபிடித்ததாகவும் கிராம்ப்டன் நிறுவனம் அதை விற்றதாகவும் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஒரு கட்டுரை இருந்தது. புத்தகங்களும் செய்தித்தாள்களும் அதை எடுத்தாண்டன. அப்படி ஒரு கண்டுபிடிப்பாளரே இருந்ததில்லை, விளையாட்டாக எழுதிய பொய் அது என்பது 2022இல்தான் வெளிப்பட்டது. பொருளை அறிந்தவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். செந்தழலாக நின்று எரியும் நிக்ரோம் கம்பி வந்ததே 1905 வாக்கில்தான். அதற்கு முன் இரும்புக் கம்பியைத் திறந்தவெளியில் சிவக்கச் சூடாக்கினால் ஆக்சைடு ஏறி அறுந்துவிடும். கிராம்ப்டன் நிறுவனம் 1890களில் உண்மையில் செய்த வெப்பக் கருவிகளில் கம்பி வார்ப்பிரும்புத் தகட்டின்மேல் எனாமலுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. கம்பியும் எனாமலும் ஒரே அளவில் விரியாததால் அதுவும் விரிசல் விட்டது. கண்ணெதிரே ஒரு தகடு இருந்தால் இவ்வளவையும் அதுவே சொல்லிவிடும்.

அளவுக் கருவிகள் இருக்கும் அலமாரியையும் பாருங்கள். நீங்கள் நடத்தும் கிராம்ப்டன் பொட்டென்ஷியோமீட்டர் (வோல்ட்டை ஒப்பிட்டுத் துல்லியமாக அளக்கும் கருவி) இதே மனிதர் பெயரால் வந்ததுதான். பாடநூல் வடிவம் உங்களுக்குத் தெரியும்: 10 ஓம் வீதம் 15 படிகள் கொண்ட டயல், 10 ஓம் ஸ்லைடு ஒயர், 10 மில்லிஆம்பியர் ஓட்டம், ஆகவே படிக்கு 0.1 வோல்ட். டயலை 1.0இலும் ஸ்லைடு ஒயரை 0.0186இலும் வைத்து, 1.0186 வோல்ட்டை நிலையாகத் தரும் வெஸ்டன் செல்லை இணைத்து, கால்வனோமீட்டர் சுழியில் நிற்கும்வரை ரியோஸ்டாட்டைத் திருப்பினால் கருவி நேராக வோல்ட்டில் பேசும். மரப்பெட்டியும் எபோனைட் மூடியும் உள்ள பழைய கருவியை 'பழுதான மீட்டர்' என்று மற்றவற்றோடு கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பழுது என்பது ஸ்லைடு ஒயர் மேலுள்ள தூசியும் கறுத்த தொடுமுனையும்தான். ஆனால் பெட்டியோடு வெஸ்டன் செல் இருந்தால் கவனம். உள்ளே பாதரசமும் காட்மியமும் இருக்கின்றன. சாய்க்காமல், உடைக்காமல், நேராக நிறுத்தித் தனியே பூட்டி வையுங்கள்.

இயந்திரத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் செய்ய வேண்டியவற்றில் அதிகம் தவறுவது முதல் நாளில்தான். "ஓடுதா பார்ப்போம்" என்று சப்ளை கொடுத்துவிடுகிறார்கள். பல ஆண்டு ஈரம் குடித்த பருத்திக் காப்பு அந்த நொடியில் போய்விடும். முதலில் பெயர்ப்பலகையை டார்ச் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படமெடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் படி எடுக்கலாம். பித்தளை பாலிஷ் போட வேண்டாம், எழுத்துக்குள் இருக்கும் கறுப்பு வண்ணம் அதோடு போய்விடும். தூக்கும்போது தலையிலுள்ள ஐபோல்ட் (வளையத்தலை போல்ட்) அந்த ஒரு இயந்திரத்தின் எடைக்கு மட்டும்தான். மோட்டார்-ஜெனரேட்டர் செட்டை அடித்தளத்தோடு ஒரே ஐபோல்ட்டில் தூக்கினால் மரை பிய்ந்துகொண்டு வரும். தூக்கும் பெல்ட் சாய்வாக இழுத்தால் ஐபோல்ட்டே வளையும்.

பிறகு கரித்தூளை வாக்குவம் கொண்டு உறிஞ்சுங்கள். காற்றை ஊதினால் தூள் சுற்றுக்குள்ளே போய் ஒட்டும். 500 வோல்ட் மெகரில் (காப்பின் தடையை அளக்கும் கருவியில்) ஆர்மேச்சர், ஷன்ட், சீரீஸ் ஒவ்வொன்றையும் உடலுக்கு எதிராகத் தனித்தனியே அளந்து எழுதுங்கள். 220 வோல்ட் இயந்திரத்துக்கு 1.2 மெகஓமுக்குக் குறைந்தால் ஓட்டக் கூடாது. குறைவாக இருப்பதால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. தார்ப்பாய் கூடாரத்துக்குள் குண்டு பல்புகளை எரியவிட்டு 60 முதல் 70 டிகிரிக்குள் காய வையுங்கள். பருத்தி, காகிதம், வார்னிஷ் காப்பு என்பதால் அதைத் தாண்ட வேண்டாம். மணிக்கு ஒருமுறை அளந்தால் எண் முதலில் இன்னும் இறங்கும், அங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சூட்டில் ஈரம் நகரும்போது அப்படித்தான் காட்டும். தொடர்ந்து காய வைத்தால் ஏறி, ஒரு நிலையில் நிற்கும்.

கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளையில்) எமரித் தாள் படவே கூடாது. அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷை அரிக்கும், பட்டைகளுக்கு இடையே தங்கிவிட்டால் ஷார்ட்டும் ஆகலாம். நுண்ணிய கண்ணாடித் தாள் போதும். சாக்லேட் நிறப் படலம் அழுக்கு அன்று, அதை அப்படியே விடுங்கள். வைத்திருக்கும் காலமெல்லாம் பிரஷ்களைத் தூக்கிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பிரஷ் உட்கார்ந்த இடத்தில் செம்பு அரித்துப் பள்ளம் விழும். ஒயிட்மெட்டல் புஷ் பேரிங் என்றால் பழைய எண்ணெயை வடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, சாதாரண மினரல் ஆயில் ஊற்றி, கையால் சுற்றும்போது ஆயில் ரிங் கூடவே உருள்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி விட்டால் போதும்.

ஓட்டிக் காட்ட விரும்பினால் முழு வோல்ட் தேவையில்லை. பீல்டுக்குத் தனியாக 110 வோல்ட், ஆர்மேச்சருக்கு 24 வோல்ட் கொடுத்தால் 1,500 சுற்று மோட்டார் சுமார் 200 சுற்றில் அமைதியாக ஓடும், மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பீல்டு முதலில், ஆர்மேச்சர் பிறகு. நிறுத்தும்போது ஆர்மேச்சர் முதலில். முழு வோல்ட்டில் சுமையின்றி ஓடும்போது பீல்டு அறுந்தால் வேகம் கட்டுமீறி ஏறி, கம்யூட்டேட்டர் பட்டைகளே பிய்ந்து பறக்கும். பீல்டு சர்க்யூட்டில் ஃபியூஸ் போடாதது அதற்காகத்தான்.

ஸ்டார்ட்டரையும் ரியோஸ்டாட்டையும் தனி லாட்டில் விற்றுவிடாதீர்கள். நோ-வோல்ட் காயிலோடு (மின்சாரம் நின்றால் கைப்பிடியை விடுவிக்கும் சுருளோடு) கூடிய த்ரீ-பாயின்ட் ஸ்டார்ட்டர் அந்த மோட்டாரின் பாதி. ஆனால் பழைய ரியோஸ்டாட், ஆர்க் ஷூட் (சுவிட்சில் பொறியை அணைக்கும் கூடு), ஹீட்டர் ஒயர்களில் சாம்பல் நிற நார் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த பிரஷால் தேய்ப்பதோ ரம்பத்தால் அறுப்பதோ வேண்டாம். ஈரப்படுத்தி, பாலித்தீனில் சுற்றி, எழுதி ஒட்டி, தகுதியுள்ளவரிடம் விடுங்கள். பழைய கப்பாசிட்டர், டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம், அதைத் திறக்கவோ கழிவு எண்ணெயோடு கலக்கவோ கூடாது. பாதரச ஆர்க் ரெக்டிபையரின் (ஏசியை டிசியாக்கும் கருவியின்) கண்ணாடிக் குமிழ் இருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கை.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 1960களுக்குப் பின் வந்த ஒரே மாதிரி மோட்டார்கள் ஆறு இருந்தால் ஐந்தை விற்றுவிடுங்கள். முடிந்தால் அந்த ஐந்தில் ஒன்றை நீளவாட்டில் வெட்டி, உள் அமைப்பு தெரியும் மாதிரியாக்குங்கள். கண்டம் செய்யும் படிவத்தில் நான்கு கட்டங்களைச் சேருங்கள்: செய்தவர், வரிசை எண், பலகையிலுள்ள அளவுகள், ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவு வைத்த ஆண்டும் பக்கமும். கணக்கிலிருந்து நீக்கியதும் ரிஜிஸ்டரையும் எடைக்குப் போடும் வழக்கம் உண்டு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் துறையில் வையுங்கள். கிண்டியில் மின்பொறியியல் படிப்பு தொடங்கியதே 1930இல்தான். அந்தத் தலைமுறைக் கல்லூரிகளின் வரவுப் பதிவேடுகள், எந்த ஆலையின் இயந்திரம் எப்போது தமிழ்நாட்டுக்கு வந்தது என்பதற்கு இருக்கும் நேரடிச் சான்று.

உங்களிடம் இடமே இல்லையென்றால் ஏலத்துக்கு முன் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தையும், சென்னை கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தையும், பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தையும் எழுதிக் கேளுங்கள். பலகைப் படம், ஷாஃப்ட் எண், மெகர் அளவு மூன்றையும் கடிதத்தோடு வைத்தால்தான் அவர்களால் முடிவெடுக்க முடியும்.

ஏலத் தேதி ஏற்கெனவே குறித்துவிட்ட கல்லூரிகளுக்கு: லாரி வருவதற்கு முந்தைய நாள் ஓர் ஆய்வக உதவியாளரும் இரண்டு மாணவர்களும் அரை நாள் ஒதுக்கினால் பலகைப் படம், எண்கள், ரிஜிஸ்டர் பக்கம் எல்லாம் கைக்கு வந்துவிடும். 'கிராம்ப்டன் அண்ட் கோ' என்றோ, இன்டர்போல் இல்லாத டிசி இயந்திரம் என்றோ ஒன்று தென்பட்டால் அந்த லாட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய மின் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரும் பயிற்றுவிப்போரும்